காதுக்கும் லீவு!

(‘இயந்திரங்கள் நமக்குத் தந்தது அதிகமா? பறித்தது அதிகமா?’ – ‘பறித்ததே’ என்ற அணியில் பேசியது)

  

எனக்கு முன்னால பேசின தோழர், “மிஷின் வந்துச்சு, அம்மிக்கு லீவு, ஆட்டுக்கல்லுக்கு லீவு”ன்னு அடுக்கினார். ஒண்ணை விட்டுட்டார் ஐயா. எங்க பக்கத்துல காதுக்கும் லீவு! (சிரிப்பு)

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைன்னு வந்து பாருங்க, தெருவுக்குத் தெரு விசைத்தறி. அந்தச் சத்தத்துல பேசிப் பேசி, எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டி கொஞ்சிக்கிட்டாக்கூட, வெளியூர்க்காரர் சண்டைன்னு நினைச்சு விலக்கிவிட வந்துடுவார்! (பலத்த சிரிப்பு)

சிரிச்சுட்டோம். ஆனா எங்கப்பா முப்பது வருஷம் தறி ஓட்டினவர். என் பையன், “அப்பாரு, சட்டை எடுத்துக் குடுங்க”ன்னான். அவர் போய் ஒரு விறகுக் கட்டையைத் தூக்கிட்டு வந்து நின்னார். வீடே சிரிச்சுது. அன்னையிலேருந்து அவரா யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்கறதில்லை. காது போனா பேச்சும் போயிடுது ஐயா.

ஏன் சட்டை கட்டையாச்சு? ஒவ்வொரு உள்காதிலும் சுமார் 15,000 மெல்லிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தம் அவற்றைக் கருக்கிவிடுகிறது. முதலில் போவது கூர்மையான ஓசைகள்தான். பயிர் கருகினா மறுபடி விதைக்கலாம், இது கருகினா முளைக்காது. காதுல மிஷின் மாட்டினாலும் சத்தம் பெருகுமே தவிர, பழைய தெளிவு வராது.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் ஒரு கணக்கு எழுதினார்கள். 90 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. தறிப்பட்டறையில் 95 சாதாரணம். ஷிப்டு எவ்வளவு? 12 மணி நேரம்!

“அதான் சட்டம் இருக்கே” என்பார் எதிரணித் தோழர். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தில், மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020-இல் வந்த சட்டத் தொகுப்பில் அது 20 பேர். எங்க தெருவுல நாலு தறிக்கு ரெண்டே ஆள். சட்டம் எட்டிப் பார்க்கறதுக்குள்ள காது போயிடுது! (கைதட்டல்)

ராணுவத்தைப் பாருங்கள். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில்கூடக் காது கெடலாம். அதனால் சிப்பாய்க்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் அந்தக் காதடைப்பான் சரியில்லை என்று முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். த்ரீ எம் கம்பெனி தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 2023-இல் சுமார் 600 கோடி டாலர் தர இசைந்தது. நாட்டைக் காக்கறவர் காதுக்கு அந்த மரியாதை, நியாயம்தான். நம்ம மானத்தைக் காக்கத் துணி நெய்யறவர் காதுக்கு?

“பஞ்சு வைக்கிறோமே” என்பீர்கள். வெறும் பஞ்சு போதாது ஐயா. ஸ்பாஞ்சு மாதிரிக் காதடைப்பான் கடையில விக்குது, விலை ரெண்டு டீ காசு. விரலால உருட்டி, காதை மேலே இழுத்து உள்ளே வெச்சு, அது விரியற வரைக்கும் பிடிச்சுக்கணும். வேலை நேரம் பூராவும் போட்டிருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை காதைப் பரிசோதிக்கணும். இதைத் தறி முதலாளிகளும் கேக்கணும், வீட்டுத் தாய்மார்களும் கேக்கணும்.

ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைக்கிறோம், எண்ணெய் விடுகிறோம், பொட்டு வைக்கிறோம். வருஷம் பூரா அதை ஓட்டறவர் காதை யாராவது பார்த்தோமா? மிஷினுக்குக் கொடுக்கிற கவனத்தை மனுஷனுக்குக் கொடுக்காத வரைக்கும், இயந்திரங்கள் பறித்ததே அதிகம், அதிகம் என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.  (கைதட்டல்)