அரசவையைக் கேலி செய்த பூனை

விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் அதிகாரத்தைப் பார்த்து இளித்த ஒரு பூனையை இன்று காண்போம். லண்டன் ‘பஞ்ச்’ வார இதழில் ஐம்பது ஆண்டுகள் அரசியல் கேலிச் சித்திரம் தீட்டியவர் ஜான் டெனியல். 1865இல் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்னும் சிறுவர் கதைக்கும் அவரே படம் வரைந்தார்.

அக்கதையில் வரும் பூனை, மன்னரின் கையை முத்தமிட மறுக்கிறது. தலையை வெட்டுங்கள் என்கிறாள் அரசி. வானத்திலோ பூனையின் தலை மட்டுமே தெரிகிறது! உடலே இல்லாமல் எப்படி வெட்டுவது என்கிறான் வெட்ட வந்தவன். தலை இருக்கிறதே, வெட்டு என்கிறார் மன்னர். இத்தகைய வாதங்களை நாமும் சில அலுவலகங்களில் கேட்டிருப்போம்! படத்தில் கீழே சீட்டுக்கட்டு அரசவை தகராறு செய்கிறது. மேலே பூனை இளிக்கிறது. அமைச்சர்களை வரைந்து பழகிய கை அதில் நன்றாகவே தெரிகிறது. வழக்குத் தீருமுன் பூனை மறைந்து போகிறது.

வரைந்தவருக்கோ 1893இல் விக்டோரியா அரசி ‘சர்’ பட்டம் வழங்கினார்.