முப்பது காதமும் நான்கு மணி நேரமும்



புகார் நகரை விட்டுச் சிறிது தொலைவே நடந்த கண்ணகி, இளைப்பு மேலிட, மதுரை மூதூர் எதுவென வினவுகிறாள். முப்பது காதம், அண்மையில்தான் எனக் கூறிக் கோவலன் நகைக்கிறான். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை காட்டும் காட்சி இது. முப்பது காதம் என்பது கணக்கு. அண்மை என்பது ஆறுதல். தொலைவு வேறு, அதனைக் கடக்கும் பாடு வேறு என்பதை இளங்கோவடிகள் அந்த நகைப்பிலேயே உணர்த்திவிடுகிறார்.

இன்று மல்லசமுத்திரத்து இல்லங்களிலும் அத்தகைய ஆறுதல் மொழி ஒன்று வழங்குகிறது: "சிங்கப்பூர் நாலு மணி நேரந்தானே!" திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பயணிகளை ஏற்றிச் சென்ற காலத்தில், சிங்கப்பூர் சேர ஒரு வாரம் போல ஆயிற்று. விமானமோ நான்கு மணி நேர அளவிலேயே சென்றடைகிறது. தொலைவு குறையவில்லை; காலமே சுருங்கிற்று.

ஆயினும் பயணச்சீட்டில் அச்சிட்ட நேரம் முழு உண்மையன்று. சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. போகும்போது நான்கு மணி நேரம் ஆறரை மணியாகத் தோன்றும். திரும்பும்போது ஒன்றரை மணியாகத் தோன்றும். இரண்டும் கடிகாரம் காட்டும் மயக்கமே.

விமானத்திற்கு வெளியே கழியும் காலமோ மயக்கமன்று. வெளிநாட்டுப் பயணி மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். இறங்கிய பின் குடிநுழைவுச் சோதனை, சுங்கம், பெட்டிக்கான காத்திருப்பு. திருச்சியிலிருந்து நாமக்கல் வழியே இவ்வூர் வந்து சேர மேலும் மூன்று மணி நேர அளவு. நான்கு மணி, வாசலிலிருந்து வாசலுக்கு எண்ணும்போது பன்னிரண்டாகிவிடுகிறது. விடுப்பும் இருக்கையும் உடனே கிடைத்தால்தான் அதுவும்.

பெற்றவர் கண்மூடும் நாளில்தான் இக்கணக்கின் கடுமை விளங்குகிறது. மகன் வந்த பின்னரே எடுப்பது என்று உறவினர் குளிர்பெட்டியருகே காத்திருக்கின்றனர். "நாலு மணி நேரந்தானே, ஏன் இன்னும் வரவில்லை?" என்ற கேள்வி எழுகிறது. வழியெல்லாம் விரைந்து வருபவன், வந்து சேருமுன்னரே பழிக்கு ஆளாகிறான். பிழை அவனுடையதன்று, பாதிக் கணக்கை முழுக் கணக்கென நம்பியதனுடையது.

ஆற்றுப்படை நூல்கள் தொலைவை எண்ணால் மட்டும் சொல்லி அமையவில்லை. எவ்வழி கடினம், எங்கே தங்கலாம், யார் உணவளிப்பர் என எடுத்துரைத்தன. நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைபடுகடாம் வழியின் இடர்களையும் மறைக்காமல் உரைக்கிறது. அயலூர் செல்லும் பிள்ளைகளும் அனுப்பிவைக்கும் பெற்றோரும் அவ்வாறு முழுவழியையும் பேசி வைத்துக்கொள்வது நன்று. ஆறுதலுக்காகச் சொன்ன அண்மை, பின்னொரு நாள் மனத்தாங்கலாக முடியாதிருக்க அதுவே வழி.