களைத்த இருதயம்

கண்டி நகருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் ஹந்தானை மலைச்சாரலில் வாழ்பவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் புதியவை அல்ல. கடைக்குப் போவதென்றால் இறங்கவேண்டும். வீடு திரும்புவதென்றால் ஏறவேண்டும். ஆதலின், இங்கே ஒருவருக்கு மூச்சு வாங்கினால் அதனை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. "மலையல்லவா, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்பார்கள். அறுபது வயதைக் கடந்தவராயின், "மூப்பு" என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பிழையை நானும் செய்தேன். என் அன்னையார் எங்களுடன் ஹந்தானையிலே வசித்தார். ஒரு தலையணை வைத்து உறங்கியவர் இரண்டு வைக்கலானார். பின்னர் மூன்று வைக்கலானார். சில இரவுகளில் நடுச்சாமத்தில் எழுந்து, சன்னலைத் திறந்து, அதன் அருகே அமர்ந்திருப்பார். கேட்டால், "உள்ளே புழுக்கமாக இருக்கிறது, தம்பி" என்பார். மார்கழிக் குளிரில் ஏது புழுக்கம் என்று நான் சிந்திக்கவில்லை. மாலை வேளைகளில் அவருடைய பாதத்தில் செருப்பு வாரின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். அதனையும் கண்டேன், கண்டும் அதன் பொருளை அறிந்தேனில்லை. மாணவர் முகத்தைப் பார்த்தே அவர் பசியை அறிபவன் என்று பெருமை கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுக்குள் நடப்பது தெரியாமற் போயிற்று. பின்னர் வைத்தியர் சொன்னபோதுதான் அந்தத் தலையணைகளின் பொருள் விளங்கிற்று.

அவர் சொன்ன நோயின் பெயர் இருதயச் செயலிழப்பு. இப்பெயரைக் கேட்டதும் நெஞ்சம் திடுக்கிடும். இருதயம் நின்றுவிட்டது, இனி நாட்களை எண்ணவேண்டியதுதான் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. இருதயம் நிற்கவில்லை, களைத்திருக்கிறது. கைமுட்டி அளவேயான இவ்வுறுப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை துடித்து, நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. இத்தொழிலை அது போதிய அளவு செய்ய இயலாத நிலையே இந்நோய். இறைக்கும் யந்திரம் தளர்ந்தால் நீர் பின்னாலே தேங்குமன்றோ? இடப்பக்கம் தளரும்போது சுவாசப்பையிலே நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. படுத்தால் அது மிகுகிறது. அதனாலேதான் தலையணைகள் பெருகுகின்றன. வலப்பக்கம் தளரும்போது காலும் வயிறும் வீங்குகின்றன.

களைப்பின் காரணங்கள் பல. மாரடைப்பினால் தசையின் ஒரு பகுதி அழிந்திருக்கலாம். உயர்ந்த இரத்த அழுத்தம் கவனிப்பாரின்றிப் பல்லாண்டு இருந்திருக்கலாம். நீரிழிவும், மதுவும், இருதய வால்வுகளின் பழுதும் காரணமாகலாம். இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைப் பருவத்தில் வரும் தொண்டை நோவிலிருந்து சிலருக்கு வாதக் காய்ச்சல் தோன்றி, அது வால்வுகளைப் பழுதாக்குவதுண்டு. அத்தகைய பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுவார்கள். அந்த ஊசிக்காகப் பாடசாலைக்கு வராத பிள்ளையை எந்த ஆசிரியரும் கடிந்துகொள்ளலாகாது. அந்த ஒருநாள் விடுமுறை, அப்பிள்ளையின் நாற்பதாவது வயதைக் காக்கும் விடுமுறை.

இந்நோய்க்கான மருந்தின் வரலாறு சுவையானது. இங்கிலாந்திலே வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், 1775 ஆம் ஆண்டில் நீர்வீக்கத்துக்கான ஒரு நாட்டு மருந்தைப் பற்றிக் கேள்வியுற்றார். ஒரு மூதாட்டி இரகசியமாகக் காத்துவந்த அம்மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் குணம் தருவது டிஜிட்டாலிஸ் என்ற செடியே எனத் தெளிந்த அவர், பத்தாண்டுகள் அதனைப் பயன்படுத்திப் பார்த்து, 1785 இல் நூலாக வெளியிட்டார். அந்த இனச் செடியிலிருந்து எடுக்கப்படும் டிஜொக்சின் இன்றும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. ஆயினும் அதன் அளவு சிறிது மிகுந்தாலும் அது நஞ்சாகும். நம் வேலிகளில் பூக்கும் மஞ்சள் அலரியிலும் இவ்வகை நஞ்சே உள்ளது. ஆதலின், இலை வேர் என்று கைமருந்து தேடுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இன்றோ, இருதயத்தின் சுமையைக் குறைத்து ஆயுளை நீட்டும் மருந்துகள் பலவுண்டு. நீரிழிவுக்கென வந்த டபாகிளிப்ளோசின், நீரிழிவு இல்லாத இருதய நோயாளருக்கும் நன்மை செய்வதை 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்து இருந்தால் மட்டும் போதுமா? என் அன்னையாருக்கும் மருந்து இருந்தது. உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை அதில் ஒன்று. அதனை உட்கொண்டால் சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நாட்களில், பஸ்ஸிலே என்ன செய்வது என்று அஞ்சி, அவர் அதனை உண்ணாது விட்டார். வெட்கத்தால் எவரிடமும் சொல்லவில்லை. பிறகு கோயில் இல்லாத நாட்களிலும் விட்டார். ஒருநாள் பின்னிரவில் மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரிக்க, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்தெழுந்தார்.

"இம்மாத்திரையை வீடு திரும்பிய பின் உண்ணலாமா?" என்று கேட்டிருந்தால் வைத்தியர் வழி சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை. தேயிலை மலையில் நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்களை அன்று நினைத்தேன். ஒதுங்க இடமில்லாத மலையிலே அவர்கள் இம்மாத்திரையை எப்படி உண்பார்கள்? நோயாளர் மருந்தை விட்டால் அது பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறோம். அதன் பின்னால் ஒரு வெட்கம் இருக்கலாம். ஒரு வசதிக்குறை இருக்கலாம். பக்குவமாக விசாரிப்பது வீட்டாரின் கடமை.

அதன்பின் எங்கள் வீட்டில் இரண்டு ஒழுங்குகள் வந்தன. முதலாவது, தராசு. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, உணவு உண்ணுமுன் அன்னையார் தராசில் ஏறுவார். என் மகள் அந்த நிறையை ஒரு கொப்பியில் எழுதுவாள். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ ஏறினால், அது உணவால் ஏறிய கொழுப்பன்று, தேங்கிய நீர். கால் வீங்குமுன்னரே தராசு அதனைச் சொல்லிவிடும். உடனே வைத்தியரைக் கண்டால், நள்ளிரவு ஓட்டம் பெரும்பாலும் தவிரும்.

இரண்டாவது, உப்பு. உப்பு நீரை உடலிலே பிடித்துவைக்கும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. கருவாடு, மாசி, ஊறுகாய், பாண் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் அதிலே அடங்கும். கருவாட்டுக் குழம்பை விட அன்னையார் எளிதில் உடன்படவில்லை. தேசிக்காயும் மிளகும் இஞ்சியும் சேர்த்து என் மனைவி சமைக்கலானாள். வீடு முழுவதும் அதனையே உண்டோம். ஒருவருக்கு மட்டும் உப்பற்ற சோறு என்றால் அது தண்டனை போலாகும். ஆனால், உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்பை வைத்தியரைக் கேளாது பயன்படுத்தக் கூடாது. மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுபுரோபன், டைக்குளோபினக் போன்ற மாத்திரைகளும் தேங்கும் நீரை மிகுவித்துக் கேடு செய்யும். எவ்வளவு நீர் அருந்தலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பவற்றையும் வைத்தியரே ஆளுக்கேற்ப வகுத்துச் சொல்வார். அசையாது கிடப்பதும் நன்றன்று.

இருந்த இடத்திலேயே மூச்சு முட்டினாலும், நுரைத்த சளி வந்தாலும், நெஞ்சு நொந்தாலும், மயக்கம் வந்தாலும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

அன்னையார் அதன்பின் ஐந்து ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தார். மெதுவாக நடந்து கோயிலுக்கும் சென்றார். மகள் நிறை எழுதிய கொப்பி இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதனைப் புரட்டும்போதெல்லாம், அதற்கு முன்னே எழுதப்படாது போன நாட்களையே நினைக்கிறேன்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு முதியவர் எத்தனை தலையணை வைத்து உறங்குகிறார் என்று சற்றுப் பாருங்கள். சென்ற ஆண்டைவிட அதிகமாயின், காரணம் கேளுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.