பழவேற்காட்டுக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

(பொங்கல் விழாவன்று நம் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பிலிருந்து இரண்டு வேன் பழவேற்காட்டுக்குப் போகிறது, பூநாரை பார்க்க. பெயர் கொடுத்தவர்களில் பத்துப் பேராவது பெரிய லென்ஸ் வைத்திருக்கிறார்கள். "நீங்கள் அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்தானே சார், கிளம்புவதற்கு முன்னால் ஏதாவது சொல்லுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். நான் புகைப்படக்காரன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் சில வருடம் பொன்னேரிப் பக்கத்துக் கிளையில். பறவைகளைப் பற்றி என்னைவிட நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியும். படம் எடுப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் அந்த மாதிரி ஊர் மனிதர்களிடம் எப்படிப் போய் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்பகுதி நம்மிடம். ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நல்ல தண்ணீர், முகத்துவாரம் வழியாக வரும் கடல் தண்ணீரோடு கலப்பதால்தான் அங்கே இறாலும் மீனும் நண்டும். முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்கரைக் குப்பங்களில் அடுப்பு எரிவது சிரமம்.

1990-களில் அந்தக் குப்பங்களிலிருந்து வலைக்கடன், படகுக்கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வருவார்கள். மனுவில் ஒட்டப் புகைப்படம் வேண்டும். வாங்கிய வலையோடு கடன்காரரை நிறுத்தி ஒரு படம் எடுத்து ஃபைலிலும் வைப்போம். இதற்கென்று ஒரு ஸ்டூடியோக்காரர் இருந்தார். மொபெட்டில் கேமராப் பையை மாட்டிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போவார். ஃபிலிம் சுருளில் 36 படம். பத்துப் பேரைப் படம் எடுத்துவிட்டு மீதி 26-ஐ வீணாக்கிக் கழுவக் கொடுக்க முடியாது. அடுத்த கல்யாணமோ காதுகுத்தோ வரும்வரை சுருள் கேமராவுக்குள்ளேயே இருக்கும். அதுவரை எங்கள் கடன் மனுவும் நிற்கும். மேனேஜர் என்னைக் கேட்பார், நான் அவரைக் கேட்பேன். "சார், ரோல் முடியல" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வங்கிக்கு எத்தனை பிரதி கொடுத்தாலும், கூடுதலாக ஒன்று போட்டு அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். நெகட்டிவ்களைத் தேதியும் ஊரும் எழுதிய உறைகளில் போட்டு வைத்திருப்பார். ஒருநாள் ஒரு அம்மா மகனோடு கிளைக்கு வந்தார். கணவர் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மாலை போட்டு வைக்க வீட்டில் படம் இல்லை, முன்னால் கொடுத்தது மழையில் நனைந்து போயிற்று. "உங்க ஃபைல்ல எங்க வீட்டுக்காரர் படம் இருக்குமே சார்" என்றார். வங்கி ஆவணத்தைக் கிழித்துக் கொடுக்க முடியாது. ஸ்டூடியோக்காரரிடம் அனுப்பினேன். அவர் உறையைத் தேடி எடுத்து, வலை பிடித்து நின்ற அந்த மனிதரைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

கடன் வசூலுக்காக எடுத்த படம்தான் அந்த வீட்டுக்கு மிஞ்சிய ஒரே முகம். புகைப்படம் என்றால் எனக்கு இன்றும் அதுதான் ஞாபகம் வருகிறது.

இப்போது நம் காலத்துப் புகைப்படக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் எம். பழனிகுமார், மதுரைக்காரர். அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மகனுக்குக் கேமரா வாங்கித் தந்ததும் அந்த அம்மாதான், கடன் வாங்கி. கடன் மனுக்களையே பார்த்து வாழ்ந்தவன் என்பதால் இந்த இடம் என்னை நிறுத்தியது. ஈடு கிடையாது. மாதச் சம்பளமும் கிடையாது. கேமரா ஒரு தேய்மானச் சொத்து, நான்கைந்து வருடத்தில் பாதி விலைக்குக்கூடப் போகாது. எந்த வங்கியும் யோசிக்கும். மீன் கூடை தூக்கிய ஒரு தாய் யோசிக்கவில்லை.

அந்தக் கேமராவை அவர் எதன் பக்கம் திருப்பினார் என்பதுதான் முக்கியம். கையால் மலம் அள்ளுவோரைப் பற்றி 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' என்னும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணகத்தில் புகைப்படக் கலைஞரானார். ராமநாதபுரம் கடற்கரையில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பதிவு செய்தார். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது.

நம் பயணத்துக்கு நெருக்கமான வேலை ஒன்றும் அவர் செய்திருக்கிறார். பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூர்ப் பக்கம், பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் கையால் தடவி இறால் பிடிக்கும் ஓர் இருளர் அம்மாவைப் பற்றியது. எழுபது வயதைத் தாண்டியவர். வலையும் படகும் கிடையாது. தண்ணீருக்குள் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுகிறார். அந்தப் படங்களைப் பார்த்தால், எடுத்தவரும் தண்ணீருக்குள்தான் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றும். கரையில் இருந்துகொண்டு லென்ஸால் இழுத்து எடுத்தால் அந்த முகம் அப்படிக் கிடைக்காது. அனல் மின்நிலையத்துச் சாம்பல் கலந்த அந்தத் தண்ணீரில்தான் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, எண்ணெயும் கலந்தது. அந்தத் தண்ணீரில் தினமும் இறங்குகிறவர் யார் என்று கேட்பவர்களுக்கு அந்தப் படங்கள் சாட்சி.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் புகைப்படம் எடுக்கக் கற்றுத் தருகிறார். எப்போதும் கேமராவுக்கு முன்னால் நிறுத்தப்படுகிறவர்கள் பின்னாலும் வந்து நிற்கட்டும் என்ற எண்ணமாக இருக்கும்.

இன்னொரு படம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2004 சுனாமி முடிந்து இரண்டாம் நாள், டிசம்பர் 28, கடலூரில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்தது. ஒரு பெண் மண்ணில் விழுந்து கைகளை விரித்து அழுகிறார். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குக் கிடைத்தது. பத்திரிகைப் புகைப்படக்காரருக்கு இப்படிப்பட்ட இடத்தில் நின்று விரலை அழுத்துவதுதான் அன்றைய வேலை. முழு உடலையும் காட்டியிருக்கலாம். காட்டாமல் விட்டதால்தான் அந்தப் படத்தை இன்றும் பார்க்க முடிகிறது. எதை எடுக்கக் கூடாது என்பதும் அந்தத் தொழிலின் பாதி.

இடம் தெரியாமல் எடுத்தால் படம் பொய் சொல்லும் என்பதற்கும் பழவேற்காட்டிலிருந்தே ஓர் உதாரணம். அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களைக் குப்பத்தார் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று உங்களுக்கு, நாளை எனக்கு. முறை இல்லாத நாளில் ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், சீட்டாடுவார்கள். விவரம் தெரியாதவர் அதைப் படம் எடுத்து 'சோம்பேறிகள்' என்றோ 'மீன் இல்லாத ஏரி' என்றோ குறிப்பு எழுதிவிடலாம். இரண்டும் தவறு. ஒரு நல்ல புகைப்படக்காரர் முதல் நாள் கேமராவை வெளியே எடுக்கமாட்டார் என்று சொல்வது இதனால்தான். டீக்கடையில் உட்கார்ந்து, யாருக்கு எந்த நாள் பாடு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நமக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஆனாலும் சிலவற்றைச் செய்யலாம்.

பூநாரைக் கூட்டம் பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கல் எறிவதோ, சத்தம் போடுவதோ, ட்ரோன் விடுவதோ வேண்டாம். அவை இரை தேட வந்திருக்கின்றன.

படகில் ஏற்றிச் செல்கிறேன் என்று யாராவது அழைத்தாலும் ஏற வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குடும்பமாக உல்லாசப் பயணம் போனவர்கள்.

உப்புக்காற்று லென்ஸுக்கு ஆகாது. மணல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

இறால் தடவும் பெண்களை, மீன் காய வைக்கும் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். "வணக்கம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தண்ணீரில் நனைந்த புடவையோடு நம் வீட்டுப் பெண்களை முன்பின் தெரியாதவர் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

கடைசியாக, அந்த ஸ்டூடியோக்காரரின் வழக்கம். நாம் எடுக்கிற நூற்றுக்கணக்கான படங்களில் மனிதர் முகம் உள்ளவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், நல்லதாகப் பத்து இருபது எடுத்துப் பிரின்ட் போடுவோம். எடுக்கும்போதே பெயரையும் குப்பத்தின் பெயரையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிரின்ட் செலவைச் சங்கத்தின் கலைநிகழ்ச்சிக் கணக்கில் எழுதலாமா என்று பொருளாளரைக் கேட்டேன், சிரித்தார். ஒப்புக்கொண்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். பிப்ரவரியில் நானே பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.