அளவெடுத்தது அண்ணனுக்கு!

(தலைப்பு: மருந்துச் சோதனைகளில் பெண்களை விலக்கி வைத்தது பாதுகாப்பா, பாரபட்சமா? ‘பாரபட்சமே’ அணியில் பேசியது.)



எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன், “பெண்ணைச் சோதனையில் சேர்க்காததே அவள் மேல வைத்த அக்கறைதான்”னு சொல்லிட்டு உட்கார்ந்தார். ஆதாரத்துக்குத் தாலிடோமைடு மாத்திரையைச் சொன்னார். நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மாத்திரை அது. மசக்கைக்கும் கொடுத்தாங்க. பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. ஏன்? பெண்களைச் சோதித்ததாலா? இல்லை நடுவர் அவர்களே! வயிற்றில் இருக்கிற கருவை அது என்ன செய்யும்னு சரியாகச் சோதிக்காமலே விற்றதால! ஆதாரம் போதாதுன்னு சொல்லி அமெரிக்காவில் அதற்கு அனுமதி தராமல் நின்றவரும் ஒரு பெண்தான், டாக்டர் ஃபிரான்சிஸ் கெல்சி. (கைதட்டல்)

அப்போ படிச்சிருக்க வேண்டிய பாடம் என்ன? நல்லா சோதிக்கணும். ஆனா 1977-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்ன சொல்லிச்சு? பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஆரம்பக் கட்டச் சோதனைகளில் சேர்க்காதேன்னு சொல்லிச்சு! கல்யாணம் ஆகாதவளா? வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுறவளா? வேண்டாம். புருஷன் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரா? அப்பவும் வேண்டாம்! அந்த மனுஷன் ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுக்கே மரியாதை இல்லையே! (சிரிப்பு)

“1993-இல் அதை மாத்திட்டாங்களே”ன்னு எதிரணி கேட்கலாம். விதி மாறிச்சு, பழக்கம் மாறிச்சா? சோல்பிடெம்னு ஒரு தூக்க மாத்திரை. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். ஆனா அந்த மருந்து பெண் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறுது. சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழிச்சும், கார் ஓட்டுவதைக் கெடுக்கிற அளவுக்கு ரத்தத்தில் மருந்து தங்கியிருந்தது ஆண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு; பெண்களில் 15 பேருக்கு! 2013-இல்தான் பெண்களுக்கு 5 மில்லிகிராம்னு பாதியாக் குறைச்சாங்க. இருபது வருஷம்!

அந்த இருபது வருஷத்தில், காலையில எழுந்து “தலை கிறுகிறுங்குது”ன்னு சொன்னவளுக்கு என்ன பதில் கிடைச்சிருக்கும்? “உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு!” குறை மாத்திரையில், பழி மனுஷி மேல!

கடைகளில் ஒரு தையல்காரர் அண்ணனுக்கு அளவெடுத்துத் தங்கைக்குத் தைத்தால் சண்டைக்குப் போறோம். சட்டையைப் பிரிச்சுத் தைக்கலாம். உடம்பை?

நிறைவாக ஒன்று. பெண்ணை விலக்கியதால் சோதனை நின்றுவிடவில்லை நடுவர் அவர்களே, இடம்தான் மாறியது! சோதனைக்கூடத்தில் என்றால் சம்மதம் கேட்டிருப்பார்கள், பக்கத்தில் டாக்டர் இருந்திருப்பார். வீட்டுக்குள் அவளைக் கேட்காமல், அவளுக்கே தெரியாமல் நடந்தது. இதற்குப் பேர் பாதுகாப்பா? பாரபட்சமே என்று தீர்ப்பளியுங்கள்!

(பலத்த கைதட்டல்)