ஐதராபாத்தின் ஏரிக்கரைகள்

ஐதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வருவது புதிதன்று. வந்தவர்களை முதல் நாள் சார்மினாருக்கும், மறுநாள் கோல்கொண்டாக் கோட்டைக்கும், அதற்கடுத்த நாள் சாலார் ஜங் காட்சிசாலைக்கும் அழைத்துச் செல்கிறோம். நான்காம் நாள் அவர்கள் இரயிலேறி விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தாலோ நாமே ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம். இதனால், நகரைச் சூழ்ந்து கிடக்கும் ரங்காரெட்டி மாவட்டத்துப் பகுதிகளை, இருபது ஆண்டுகளாக இங்கு வாழ்பவர்களிலும் பலர் நின்று பார்த்ததில்லை. குடும்பத்தோடு சென்று ஒரு பகல் முழுவதும் தங்கத் தக்க இடங்கள் அங்கே உள்ளன. அவற்றுள் ஏரிக்கரைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

"நம் ஊரில் இல்லாத ஏரியா?" என்று சிலர் கேட்கக்கூடும். வீராணத்தையும் மதுராந்தகத்தையும் அறிந்தவர்களுக்கு ஏரி புதுமையன்றுதான். ஆனால் அந்தப் பழக்கமே இங்கு நமக்குத் துணையாகிறது. தெலுங்கு மக்கள் ஏரியைச் செருவு என்பர். நாம் தூம்பு என்பதை அவர்கள் தூமு என்கிறார்கள். நாம் கலிங்கு என்பதை அலுகு என்கிறார்கள். இந்த மூன்று சொற்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்துச் சென்றால், கரையில் நின்று மீன் பிடிக்கும் பெரியவரோடு அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நகருக்குள்ளேயே இருக்கும் உசேன் சாகரை முதலில் சொல்லிவிடுவோம். இபுராகிம் குதுப் ஷா காலத்தில், 1562ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட ஏரி இது. இதன் கரையே ஐதராபாத்தையும் சிகந்தராபாத்தையும் இணைக்கும் சாலையாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரியின் வடபுறத்தில் பாளையம் அமைந்தபோது சென்னைப் படையோடு வந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் சிகந்தராபாத்தில் இன்றும் உள்ளனர். நாம் அவர்களுக்குப் பின் வந்தவர்கள்.

ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலையை அனைவரும் அறிவோம். ஒரே கல்லில் செதுக்கிய, ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள அச்சிலையை வடித்த கலைஞர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்ச் சிற்ப மரபில் வந்த எஸ். எம். கணபதி ஸ்தபதி என்பது பலருக்குத் தெரியாது. 1990 மார்ச்சு மாதத்தில் அதனைத் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுசென்றபோது தெப்பம் சாய்ந்தது, சிலை நீரில் மூழ்கியது, உயிர்களும் பலியாயின. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏரியடியில் கிடந்த அச்சிலையை மீட்டெடுத்து, 1992 டிசம்பரில் பீடத்தில் நிறுத்தினார்கள்.

இனி தெற்கே செல்வோம். மீர் ஆலம் ஏரியை ஒட்டி, 1963 அக்டோபர் 6 அன்று திறக்கப்பட்ட நேரு விலங்கியல் பூங்கா ஏறத்தாழ 380 ஏக்கரில் அமைந்துள்ளது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மறந்து, புளியோதரை மூட்டையோடு வாயிலில் நிற்கும் குடும்பங்களை இன்றும் காணலாம். சிங்கத்தையும் புலியையும் பார்த்து முடித்தபின், ஏரியின் அணையைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அணை அது. நேராக ஒரு சுவரை எழுப்பாமல், 21 அரைவட்ட வளைவுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வளைவுகளின் புடைத்த புறம் நீரை நோக்கி இருக்கிறது. நீர் தள்ளத் தள்ளக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி இறுகுகின்றன. ஒரு பாலத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற் போன்ற வேலை. பாலத்தின் மேல் பாரம் ஏறுகிறது, இங்கே பக்கத்திலிருந்து வருகிறது, அவ்வளவே வேறுபாடு.

ஆயினும் நம் பேச்சின் உயிர்நிலை மேற்கே உள்ளது. நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் உஸ்மான் சாகர் வருகிறது. ஊரார் அதனைக் கண்டிப்பேட்டை என்றே வழங்குவர். அங்கிருந்து தென்கிழக்கே சிறிது தொலைவில் இமாயத் சாகர் இருக்கிறது. மழைக்காலம் கழிந்து, ஐப்பசி தொடங்கி மாசி வரையில் இவ்விடங்கள் மிக இனியவை. வானமும் நீரும் ஒன்றாய்ப் பரந்து கிடக்க, காற்று வீசிக்கொண்டே இருக்கும். தயிர்ச்சோற்றையும் மாவடுவையும் வைத்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இந்தக் கரைகள் இளைப்பாறுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதைத்தான் நாம் அங்கு உட்கார்ந்திருக்கும்போது நினைப்பதில்லை.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஐதராபாத் நகருக்குள் புகுந்தது. 15,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றோரத்துத் தெருக்கள் அடையாளம் தெரியாமல் போயின. உருதுக் கவிஞர் அம்சத் ஐதராபாதி அன்று தம் தாயையும் மனைவியையும் மகளையும் ஒருங்கே இழந்து, தாம் மட்டும் தப்பினார்.

அடுத்த ஆண்டு, நிசாம் அரசின் அழைப்பை ஏற்றுப் பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரையர் இங்கு வந்தார். வெள்ளத்தின் காரணத்தை ஆராய்ந்த அவர், நகருக்கு மேற்புறத்தில் மூசிக்கு நீர் வரும் பரப்பில் 788 ஏரிகள் இருந்தன என்றும், அவற்றுள் 221 உடைந்துவிட்டன என்றும் கண்டார். சங்கிலி ஏரிகளின் இயல்பை நாம் நன்கு அறிவோம். மேல் ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் கீழ் ஏரிக்கு வரும். மேல் ஏரி உடைந்தாலோ, அதன் நீர் முழுவதும் ஒரே மூச்சில் வந்து கீழ் ஏரியின் கரையை மோதும். ஒன்றன்பின் ஒன்றாக அவை உடைந்து, வானத்து மழையோடு ஏரிகளின் நீரும் சேர்ந்து நகரின்மேல் விழுந்தது.

விசுவேசுவரையர் கூறிய வழி எளிமையானது. நகருக்கு மேலே, மூசியின் குறுக்கே ஒன்றும் அதன் கிளையாகிய ஈசியின் குறுக்கே ஒன்றுமாக இரண்டு நீர்த்தேக்கங்கள் வேண்டும். பெருவெள்ளம் வரும்போது அதனைத் தாங்கிக்கொள்ள அவற்றில் வெற்றிடம் இருக்க வேண்டும். தாங்கிய நீரை ஆறு கொள்ளும் அளவில் சிறிது சிறிதாகக் கீழே விட வேண்டும். 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் இமாயத் சாகரும் நிறைவெய்தின. முதலாவது ஏறத்தாழ 390 கோடி கன அடியும், இரண்டாவது ஏறத்தாழ 297 கோடி கன அடியும் கொள்ளும். வெள்ளத்துக்கு அணையாக எழுந்த இவையே நகருக்குக் குடிநீரும் தந்தன.

ஏரிக்கு நீர் வர வேண்டுமானால் ஏரியைச் சுற்றிய நிலம் நிலமாகவே இருத்தல் வேண்டும். இதனைக் கருதி, 1996இல் அரசு 111ஆம் எண் ஆணையை வெளியிட்டது. இரண்டு நீர்த்தேக்கங்களையும் சுற்றிப் 10 கிலோமீட்டர் வரையில், 84 கிராமங்களில், மாசு தரும் தொழிற்சாலைகளும் பெருங்கட்டடங்களும் கூடா என்பது அதன் சாரம். 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நகரின் குடிநீருக்கு இப்போது கிருட்டிணையும் கோதாவரியும் இருக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. குடிநீர் வேறிடத்திலிருந்து வரலாம்; வெள்ளம் அதே வழியில்தானே வரும்? 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில், நகரின் தென்புறத்து ஏரிகள் சில உடைந்து குடியிருப்புகள் மூழ்கியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

இது நமக்கு எட்டாத அரசியல் என்று தள்ளிவிடுதற்கில்லை. வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு புறநகரில் ஒரு மனை வாங்க வேண்டும் என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் விருப்பம். விற்பவர் காட்டும் வரைபடத்தில் சாலை இருக்கும், பூங்கா இருக்கும். பழைய வாய்க்கால் மட்டும் இராது. கோடையில் வறண்ட புல்வெளியாகத் தோன்றும் இடம் ஏரியின் முழுக்கொள்ளளவு எல்லைக்குள் இருக்கலாம். 2024 சூலையில் ஹைட்ரா என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டு, ஏரி எல்லைக்குள் எழுந்த கட்டடங்களை இடித்தபோது, வாங்கியவர்கள் தெருவில் நின்றார்கள். ஆதலால், மனை பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையும் ஏரி பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாகவே இருக்கட்டும். மழை பெய்து ஓய்ந்த மறுவாரம் செல்லுங்கள். கலிங்கு எங்கே, வழியும் நீர் எவ்வழியே போகிறது, அவ்வழியில் யார் வீடு நிற்கிறது என்பவற்றைப் பார்த்து வாருங்கள். அவ்வூர்க் குடியானவர்களைக் கேட்டால், தம் தந்தையார் காலத்தில் நீர் எதுவரை ஏறியது என்பதைக் கைநீட்டிக் காட்டுவார்கள்.

போகும் வழியைப் பற்றியும் சிறிது சொல்வோம். கண்டிப்பேட்டை நீர்ப்பரப்பின் ஒரு புறத்தில் சில்க்கூர் உள்ளது. அங்குள்ள பாலாஜி கோயிலில் உண்டியல் இல்லை. வேண்டுதலுக்கு 11 சுற்றும், அது நிறைவேறியபின் 108 சுற்றும் வருவது வழக்கம். வெளிநாடு செல்ல விரும்பும் இளைஞர்கள் மிகுதியாக வருவதால் விசா பாலாஜி என்னும் பெயரும் ஏற்பட்டுவிட்டது. கூட்டம் சேரும் முன் காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொண்டால், அருகிலுள்ள மிருகவனி தேசியப் பூங்காவில் புள்ளிமான்களையும் கடமான்களையும் காண நேரம் கிடைக்கும். பிற்பகலில் ஏரிக்கரை. பிள்ளைகளை நீரில் இறங்க விடலாகாது. கரையோரச் சேறு ஆழம் காட்டாது. மதகுகள் திறந்திருக்கும் நாட்களில் கீழ்ப்புறத்து ஆற்றுப் பாதையிலும் நிற்க வேண்டா. இலைகளையும் பொட்டலக் காகிதங்களையும் நாமே எடுத்துக்கொண்டு திரும்புவோம்.

திரும்பும்போது பொழுது இருந்தால் அப்சல்கஞ்சுப் பக்கம் வாருங்கள். மூசிக் கரையில், உஸ்மானியா மருத்துவமனையின் பழைய கட்டடத்தை ஒட்டி, ஒரு முதிய புளியமரம் நிற்கிறது. 1908ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் பிழைத்தனர் என்பர். செப்டம்பர் 28 அன்று அதனடியில் சிலர் கூடி, மாண்டவர்களை நினைவுகூர்வது வழக்கமாக இருந்துவருகிறது.