துப்பாக்கிக்கு லைசென்ஸ்



போன வாரம் நம் வகுப்பில் ஒரு பெரியவர் கேட்டார்: "காட்டுப்பன்றி கப்பையை எல்லாம் தோண்டிப் போட்டுவிட்டது. துப்பாக்கி வாங்கலாமா தம்பி?"

வாங்கலாம். முதலில் லைசென்ஸ் வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஏலப்பாறைக்காரர்கள் பைனாவில் இருக்கும் கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டும். டாக்டர் சான்று வேண்டும். போலீஸ் விசாரிக்கும்.

எதற்காகத் துப்பாக்கி என்று மனுவில் கேட்டிருக்கும். பயிரைக் காக்க என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். வேறு யாராவது எழுதித் தந்தால், வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் பொய் இருந்தால் மாட்டுவது நீங்கள்தான். லைசென்ஸ் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்பீல் உண்டு.

கள்ளத் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். குறைந்தது 2 ஆண்டு ஜெயில்.

இன்னொரு வழி உண்டு. எனக்கு அதுதான் நல்லதாகப் படுகிறது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை, 2022-இல் கேரள அரசு பஞ்சாயத்து பிரசிடெண்டுக்குக் கொடுத்தது. லைசென்ஸ் உள்ளவர்தான் வந்து சுடுவார். நாம் துப்பாக்கி வாங்க வேண்டாம். பஞ்சாயத்தில் ஒரு மனுக் கொடுக்கலாம்.

அந்தப் பெரியவர் நேற்று சிலேட்டில் எழுதிப் பார்த்தார். "பஞ்சாயத்து" என்ற சொல்லில் மட்டும் ஒரு எழுத்து தப்பியது. திருத்திவிட்டார். திங்கட்கிழமை மனுவோடு போகிறார்.